ஒரு சாவி போதும்

கடற்கரை வீட்டுப் பூட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது. எண்ணெயில் மணல் ஒட்டிப் பூட்டு இறுகிவிடும். பிறகு பூட்டுக்காரனான என் உயிரை வாங்குவார்கள்.

மாம்புரியில் அப்படியொரு முன்கதவுப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பழைய சாவிகள் எதுவும் சேராதபடி அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். கூப்பிட்டவர், கணவர் மௌத்தாகி இத்தாவில், அதாவது இறப்புக்குப் பின் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் துக்க காலத்தில், இருந்த பெண். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றார். கதைக்குமுன் ஒருமுறை கதவில் தட்டுவார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்காக.

இந்தத் தொழிலில் பூட்டைவிட ஆட்கள்தான் தொல்லை. கணவரின் தம்பி வந்து என் தலைமாட்டில் நின்றார். "எனக்கும் ஒரு சாவி வெட்டுங்க. இது எங்க நானாட வீடு" என்றார், செத்துப்போன அண்ணனைச் சொல்லி.

உள்ளேயிருந்து தட்டல் கேட்டது. "எங்க வாப்பா எனக்குத் தந்த வீடு, தம்பி. நான் இத்தாவில இரிக்கன். நீங்க நெனச்ச நேரம் தொறந்துட்டு வாறீங்க."

"ஆம்புள இல்லாத வீட்டுக்கு நாங்கதானே மச்சி காவல்?"

"காவல்காரன் வெளியிலதான் நிப்பான். பூட்டுக்காரர், ஒரு சாவி போதும்."

அந்த ஒரு சாவியைக் கதவிடுக்கால் நீட்டினேன். தம்பிக்காரர் என்னைக் கள்ளன் என்று ஏசினார். ஏசட்டும்.

தெருவில் கண்டால் அந்தப் பெண்ணை எனக்கு அடையாளம் தெரியாது. குரல் கேட்டால் எழுந்து நிற்பேன்.