ரிம்மா தீட்டிய ஆறாவது ரோஜா

ரிம்மா சவேல்யெவ்னா ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தார் என்று எங்கள் கட்டடத்தில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அபாண்டம். அவர் அந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொள்ளத்தான் பார்த்தார். ஒரு துளி சிவப்பு வண்ணம் கூடிப்போனதில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் வோல்கா கரையில் இருக்கிறது. இங்கே ஒரு மரப்பலகை சும்மா கிடந்தால் யாராவது அதில் ரோஜா தீட்டிவிடுவார்கள். உப்புப் பெட்டி, நாற்காலி முதுகு, குழந்தையின் தொட்டில், எதுவும் தப்பாது. ரொட்டி வெட்டும் பலகைதான் எல்லாவற்றிலும் விசேஷம். ரோஜா தீட்டிய பலகையில் ரொட்டி வெட்டுகிறவனை நாங்கள் காட்டுமிராண்டி என்போம். பலகையைச் சுவரில் மாட்டிவிட்டு, ரொட்டியைப் பழைய செய்தித்தாள் மேல் வைத்து வெட்டுவதுதான் எங்களிடம் நாகரிகம்.

ரிம்மா இளவயதிலேயே ஊர் வண்ணப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் இலை. வருடக்கணக்கில் இலை மட்டும். பிறகு பதவி உயர்வு கிடைத்து, இளஞ்சிவப்பு வட்டம் போடும் பிரிவுக்குப் போனார். அங்கிருந்து இதழ். வட்டத்துக்குள் அடர்சிவப்பில் வில் வில்லாக வளைத்து இழுத்தால் இதழ். கடைசியாக அதன் விளிம்பில் வெள்ளையால் மெல்லிய கோடு இழுக்க வேண்டும். அதற்கு எங்கள் பேச்சில் ‘உயிர் வைப்பது’ என்று பெயர். உயிர் வைக்கும் நாற்காலியில் இருந்த அம்மாள் ஓய்வு பெறுவதாக இல்லை. அவர் எழுந்து போன அன்று ரிம்மாவுக்குத் தலைமுடி நரைத்திருந்தது, ஆனால் உயிர் கைக்கு வந்திருந்தது.

ஒரு பலகைக்கு எத்தனை ரோஜா என்ற கவலை அங்கே யாருக்கும் இல்லை. சுவரில் மாதிரிப் படம் தொங்கும், அதைப் பார்த்துப் போட வேண்டியதுதான். ஆக, வேலையில் இருந்த காலம் முழுவதும் லட்சக்கணக்கில் ரோஜா தீட்டிய ரிம்மா, ஒரு நாளும் ரோஜாவை எண்ணியதில்லை.

ஓய்வு பெற்றபின் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் கடை விரித்தார். பட்டறையில் எண்ணெய் வண்ணம். வீட்டில் அதன் நாற்றம் சூப்பில் ஏறுகிறது என்பதால் அக்ரிலிக்குக்கு மாறினார். எண்ணெய் வண்ணம் பெரிய மனுஷன். காய வாரக்கணக்கில் யோசிக்கும். அக்ரிலிக் அவசரக்குடுக்கை. தட்டில் பிழிந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால், வருவதற்குள் தோல் கட்டிவிடும். பிழிந்ததைத் தீட்டியே ஆக வேண்டும், அல்லது சுரண்டிக் குப்பையில் போட வேண்டும். ரிம்மா எதையும் குப்பையில் போடுகிற ஜாதி அல்ல. உருளைக்கிழங்குத் தோலைக்கூட அவர் இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் எறிவார்.

அவர் இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் வெனிடிக்ட் லூகிச் இருந்தார். மனைவியை இழந்தவர், படகுத்துறையில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். படகு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் நின்றாலும் உதடு அசையும், தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஓர் இலையுதிர் காலத்தில் ரிம்மாவின் உருளைக்கிழங்கு மூட்டையைச் சுமந்து வந்து வாசலில் வைத்துவிட்டு, “நல்ல கனம்,” என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு ஆண்பிள்ளை எப்படிப் பேசுவான்? ரிம்மா அன்று முதல் பதில் யோசிக்கத் தொடங்கினார்.

பதிலை வெனிடிக்டின் பிறந்தநாளுக்குப் பலகையில் சொல்வதென்று முடிவாயிற்று. லிண்டன் மரப் பலகை. ஐந்து ரோஜா, ஒன்றை ஒன்று பார்த்துத் தலை சாய்த்தபடி. ரிம்மாவின் கையில் வந்ததிலேயே அதுதான் ஆகச் சிறந்தது என்று நானே சொல்வேன். வேலை முடிந்தபோது தட்டில் கொஞ்சம் இளஞ்சிவப்பும் அடர்சிவப்பும் ஒரு துளி வெள்ளையும் மிஞ்சி இருந்தன. ஓரம் சுருங்க ஆரம்பித்துவிட்டது. குப்பையா, பலகையா? பலகையின் கீழ் மூலையில் பாதி விரிந்த ஒரு மொட்டு முளைத்தது. மேலே வார்னிஷ் பூசி, ரிப்பன் கட்டினார்.

பிறந்தநாள் மேஜையில் வோட்கா, பீட்ரூட்டுக்கு அடியில் ஹெர்ரிங் மீன், முட்டைக்கோஸ் வடை. கட்டடமே கூடியிருந்தது. வெனிடிக்ட் ரிப்பனை அவிழ்த்தார். எல்லோரும் ஆஹா என்றோம். அவர் உதடு அசைந்தது. முகம் வெளிறிப்போயிற்று.

“ஆறு,” என்றார்.

“என்ன ஆறு?” என்றார் ரிம்மா.

“ரிம்மா சவேல்யெவ்னா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

உயிரோடு இருக்கிறவருக்கு ஒற்றைப்படையில் பூ, இரட்டைப்படை கல்லறைக்கு. நடக்கப் பழகாத குழந்தைக்கும் எங்கள் பக்கம் இது தெரியும்.

“அஞ்சுதாங்க!” என்று பதறினார் ரிம்மா. “கீழ இருக்கறது மொட்டு!”

“மொட்டுன்னா டிக்கெட் வேண்டாமா? மடியில இருக்கற கைக்குழந்தையையும் தலைக்கணக்குல சேத்துத்தான் நான் படகையே விடுவேன்.”

வெனிடிக்ட் பலகையைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினார். பரிசை மறுப்பது மரியாதை இல்லையாம். மறுநாள் காலை படுக்கையை விட்டு எழவில்லை.

டாக்டரம்மா வந்தார். நாடி, நாக்கு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். “உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. மாடு மாதிரி இருக்கீங்க,” என்றார். வெனிடிக்ட் விரலால் மேலே காட்டினார். டாக்டரம்மா பலகையைப் பார்த்தார். அவர் உதடும் அசைந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மனம் சாந்தமாக ஏதோ சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்தார். மிச்சத்தை மாடிப்படியில் அவரே குடித்ததாகக் கேள்வி.

எங்கள் கட்டடத்துக்குத் தலைவி நினேல் பாவ்லொவ்னா. அந்தக் காலத்துக் கணக்கு டீச்சர். விஷயத்தைத் தீர்க்க மாடிப்படியில் கூட்டம் கூட்டினார்.

“காம்பைத்தான் எண்ணணும்,” என்றார் நினேல். “பூக்கடையில தலையையா எண்ணறாங்க? காம்பைத்தான் எண்ணறாங்க. பலகையில எல்லாம் ஒரே காம்புல இருந்து கிளம்புது. ஒண்ணு. ஒத்தைப்படை. எழுந்திருக்கச் சொல்லுங்க அந்த ஆள.”

“காம்புக்கா டிக்கெட் கொடுப்பாங்க?” என்று மேலிருந்து, திறந்த கதவு வழியாக, நோயாளியின் குரல் கணீரென்று வந்தது.

கட்டடம் காம்புக் கட்சி, தலைக் கட்சி என்று பிளந்தது. அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றது. முதல் மாடி திமொஃபேய், நல்ல மீன்காரர், நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்: “எதுக்கு இவ்ளோ பேச்சு? மொட்டைச் சுரண்டிட்டாப் போச்சு. கத்தி நான் தரேன்.”

“ஐயோ, சுரண்டாதீங்கடா! அந்த ஆறாவது தலை நான்தான்!” என்று மேலே அலறல் கேட்டது.

அதோடு அந்த வழியும் அடைபட்டது. இன்னொரு பூவைச் சேர்த்து ஏழாக்குவது மட்டும்தான் மிச்சம். எல்லோரும் ரிம்மாவைப் பார்த்தோம்.

“முடியாது,” என்றார் ரிம்மா. “அந்தப் பலகையில இனிமே ஒரு புள்ளி வெக்க இடமில்ல. வெச்சா அது சந்தைக் கடை. என் கையால நான் அதைக் கெடுக்க மாட்டேன்.”

“மனுஷன் சாவறார், ரிம்மா,” என்றோம்.

“அவருக்கு எண்ணத் தெரியல. மொட்டு பூ ஆகாது.”

அந்த மனிதர் கண் முன்னால் கைநழுவிப் போகிறார். பிடித்து நிறுத்த வேண்டுமானால் தன் வாழ்நாளின் நல்ல பலகையைக் கெடுக்க வேண்டும். இரண்டையும் காப்பாற்ற வழி தேடி, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு ரிம்மா அழுதார். சுவர் மெல்லியது, எல்லோருக்கும் கேட்டது.

மேலே வெனிடிக்ட் சாவை ஒழுங்காக நடத்தினார். யாரையும் கஷ்டப்படுத்தக் கூடாதென்று பொருட்களைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் துளை போடும் துரப்பணம் திமொஃபேய்க்கு. சாப்பாட்டு மேஜை நினேலுக்கு. கம்பளிக் காலணி, வாணலி, தேநீர்க் கொதிகலன், நாற்காலிகள் ஒவ்வொன்றாய்ப் படியிறங்கிப் போயின. வாங்கிக்கொண்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கதவிடுக்கில் மாட்டாமல் மேஜையை எப்படித் திருப்புவது என்று கிசுகிசுத்தார்கள். நாள் ஆக ஆக அவர் முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது. ஆனால் மனிதர் பிடிவாதமாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. விளையாட்டு, விளையாட்டாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் நினேல் பாவ்லொவ்னா ரிம்மாவின் கதவைத் தட்டினார்.

“மலர்வளையத்துக்கு ஏற்பாடு பண்றோம். அதுல கட்டற ரிப்பன் பட்டையில ரோஜா போடணும். வெளிய எதுக்குக் குடுக்கணும், நீங்களே போட்டுடுங்க. ஆறு போடறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே.”

ரிம்மா உள்ளே போனார். வண்ணக் குழாய்களையும் தூரிகைகளையும் உப்புத்தாளையும் ஏப்ரனில் அள்ளிப் போட்டார். நினேலை இடித்துத் தள்ளிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினார்.

உட்கார நாற்காலி இல்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். பலகையை ஆணியிலிருந்து எடுத்து நோயாளியின் வயிற்றின் மேல் வைத்து, வார்னிஷை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்.

“கூசுது,” என்றார் வெனிடிக்ட்.

“சாவற ஆளுக்கு என்ன கூச்சம்? அசையாம படுங்க.”

“எங்க போடப் போறீங்க?”

“ஓரத்துல, சின்னதா.”

“சின்னதாவா? அதையும் நீங்க மொட்டும்பீங்க. அப்புறம் இன்னொரு கூட்டம் போடுவாங்க. பெருசா போடுங்க. நட்ட நடுவுல.”

ரிம்மா கண்ணை மூடித் திறந்தார். தலை சாய்த்திருந்த அந்த ஐந்து ரோஜாக்களின் நடுவே, அவற்றின் இதழ்களை மிதித்துக்கொண்டு, முட்டைக்கோஸ் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். கண்ணீர் பலகையில் விழுந்தது. அக்ரிலிக்குக்குத் தண்ணீர் ஆகும் என்பதால் அதையும் தொட்டுக் குழைத்துக்கொண்டார். வட்டம் காய்ந்தது. இதழ்களை வளைத்தார். அதுவும் காய்ந்தது. எண்ணெய் வண்ணமாக இருந்திருந்தால் காய்வதற்குள் வெனிடிக்டுக்கு நாற்பதாம் நாள் ஈமவிருந்தே நடந்திருக்கும்.

“இதழ் நல்லா இருக்கு,” என்றார் வெனிடிக்ட், தலையைத் தூக்கி.

“நல்லா இல்ல. அசிங்கமா இருக்கு.”

“கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா தெம்பா இருக்கு.”

வெள்ளைக் கோடு இழுத்தார். நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“காஞ்சிடுச்சா? ஈரமா இருக்கறது கணக்குல வருமா?”

“தொட்டுப் பாருங்க.”

தொட்டார். விரலில் ஒட்டவில்லை. எண்ணினார். திரும்ப, கீழிருந்து மேலாக எண்ணினார். ஏழு. எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கடியில் காலணியைக் காலால் துழாவினார். காலணி யாருக்கோ போயிருந்தது.

“பசிக்குது, ரிம்மா சவேல்யெவ்னா,” என்றார்.

வெறுங்காலோடு வீடு வீடாகப் போய்ப் பொருட்களைத் திரும்பக் கேட்டார். அங்கேதான் மனிதர் உலகத்தைப் புரிந்துகொண்டார்.

“சாகறேன்னு சொல்லிக் குடுத்தீங்க. நாங்களும் நம்பி வாங்கிட்டோம்,” என்றார் நினேல். மேஜைமேல் புது விரிப்பு விரித்தாகிவிட்டது. “இப்ப உசுரோட வந்து நிக்கறீங்க. இது நேர்மையா?”

திமொஃபேய் வீட்டில் இல்லை. உறைந்த ஆற்றில் துரப்பணத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, “அடுத்த தடவை நல்லா யோசிச்சுக் குடுங்க,” என்று புத்தி சொன்னார்.

வாணலி இல்லாத, மேஜை இல்லாத, உட்கார வாளி மட்டும் இருக்கிற வீட்டில் சமைப்பது எப்படி? வெனிடிக்ட் இரண்டாம் மாடிக்கு இறங்கினார். ரிம்மா முட்டைக்கோஸ் சூப் ஊற்றி, கறுப்பு ரொட்டி வைத்தார். மறுநாளும் இறங்கினார். அந்த வாரம் முழுக்க இறங்கினார். ஒட்டிய கன்னம் நிரம்பியது.

ஞாயிற்றுக்கிழமை ரிம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“எதுக்கு இந்த ஏத்தமும் இறக்கமும்? இங்கயே இருந்துடுங்களேன், வெனிடிக்ட் லூகிச். முறைப்படி பதிவு பண்ணிக்கிட்டு.”

வெனிடிக்டின் கை பாதி வழியில் நின்றது. ரிம்மாவைப் பார்த்தார். தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். உதடு அசைந்தது.

“நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு,” என்றார் மெல்ல. “ரெண்டு ஆச்சே, ரிம்மா சவேல்யெவ்னா. ரெட்டைப்படை.”

ரிம்மா அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்தார். சூப்போடு கழுவுதொட்டியில் கொண்டுபோய் வைத்தார்.

“சரி. மேல போய் ஒத்தைப்படையா இருங்க.”

வெனிடிக்ட் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேலே அவருடைய கவிழ்த்த வாளி இருந்தது.

“பதிவு ஆபீஸ்ல சாட்சி ஒருத்தர் வேணும்பாங்களோ?”

“இப்பல்லாம் கேக்கறதில்ல.”

“கேக்கலன்னாலும் நாம கூட்டிட்டுப் போலாமில்ல?” என்றார் அவர் அவசரமாக. “அப்ப மூணு.”

ரிம்மா தொட்டியிலிருந்து தட்டை எடுத்துக் கழுவி, அடுப்பிலிருந்த பானையின் மூடியைத் திறந்தார்.