படகோட்டிக்கு ஒரு தொப்பி

பிள்ளைகளே, அந்த நான்கு நாள் நான் ஏன் கடலுக்குப் போகவில்லை என்று வெளியூர் ஆள் யாராவது கேட்டால், "நைனாவுக்கு முதுகுவலி" என்று சொல்லச் சொன்னேன். அது பொய். செல்போன் விளையாட்டில் ஒரு படகோட்டி கரை திரும்பவில்லை, அதனால்தான் போகவில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வளர்ந்தபின் நீங்களே சிரிக்கக்கூடும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். பிழை இருந்தால் பெரியவனே, நீ திருத்திக்கொள்.

அந்த விளையாட்டை ஒரு மாதமாக ஆடியவன் நீ. உன் தோளில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் உன் தங்கச்சி, நம் சின்னவள். தீவுக்குத் தீவு ஆளேற்றிப் போகும் ஒரு படகோட்டியின் கதை. கடைசியில் புயலில் மாட்டியவர்களைக் கூட்டிவரத் தனியாகப் போகிறான். விடிந்ததும் வெறும் படகு மட்டும் அலையில் ஆடிக்கொண்டு வருகிறது. ஒரு பாட்டு. முடிந்தது.

மறுநாள் விடியலில் நானும் உங்கள் மாமாவும் வலையோடு போனால், எங்கள் ஃபைபர் படகுக்குள் சின்னவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"எறங்கும்மா, நேரமாவுது."

"அந்த ஆளு இன்னும் கரைக்கு வரல. நீ எப்டி வலை போடுவ?"

"எந்த ஆளு?"

"போன்ல."

நம் குப்பத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடலில் ஒருவரைக் காணோம் என்றால், அவர் கிடைக்கும்வரை எந்தப் படகும் மீனுக்குப் போகாது. தேடத்தான் போகும். போன மழைக்காலத்தில் பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவரைத் தேடிப் போன நான், மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினேன். அவர் உயிரோடு கிடைத்தார். வாசலிலேயே உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு இந்தக் கட்டுப்பாட்டை விளக்கிச் சொன்னவன் நானேதான்.

"அது பொம்மைம்மா."

"பொம்மைன்னா கடல்ல முழுவாதா?"

மாமா தலையைச் சொறிந்தார்.

"கொயந்த நாயமாத்தான் கேக்குது மச்சான். உடம்பு ஒதுங்கிச்சா?"

"இல்ல."

"அப்ப செத்தான்னு எப்டி சொல்றது? காணோம்னுதான் அர்த்தம்."

அவ்வளவுதான். தோளில் இருந்த வலை மணலில் இறங்கிவிட்டது. மற்றப் படகுகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போயின.

அன்று மத்தியானம்தான், பெரியவனே, நீ சேதி கொண்டுவந்தாய். அந்த விளையாட்டுக்கு டி.எல்.சி. வரப்போகிறதாம். முடிந்துபோன விளையாட்டுக்கு அப்புறமாக டவுன்லோடு செய்துகொள்ளும் புதுப் பங்கு.

"கொழம்ப எறக்கி வச்சிட்டு அப்புறமா மீனு போடறாங்களா?" என்றாள் உங்கள் அம்மா.

இன்னும் மூன்று நாளில் வரும் என்று ஒரே ஒரு படம் மட்டும் போட்டிருந்தார்கள். அதை வைத்து உலகமே ஊகம் பண்ணுவதாக நீ வலைக்கூடத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாய். நாங்கள் அரசாங்கம் கொடுத்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளை மடித்து, வழக்கம்போல அவற்றின்மேல் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர், படகோட்டி முதல் காட்சியிலேயே செத்துவிட்டான் என்று எழுதியிருந்தாராம்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவன் எப்டிடா அவ்ளோ சனத்த ஏத்தி எறக்குவான்? துடுப்ப இவரு வந்து வலிச்சாரா?"

"எல்லாம் கனவுன்னு இன்னொருத்தர் சொல்றாரு மாமா."

"கனவுல ஓடற படகுக்கு எதுக்குடா லங்கரு, நங்கூரம்லாம்? போன இங்க குடு."

படத்தில் அதே படகு, மணலில் ஒரு முளையில் கட்டியிருந்தது. மாமா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கட்டு இல்லாம வந்த படகு. இப்ப கட்டு போட்டுக்குது. யாரு போட்டா? பாரு, கயிறு எடப்பக்கமா சுத்திக்குது. எடது கைக்காரன் போட்ட கட்டு இது."

"மாமா! அவன் எடது கையாலதான் வெளக்கு ஏத்துவான்!" என்று நீ கத்தினாய்.

வலைக்கூடத்தில் ஊசிகள் நின்றுவிட்டன. சின்னவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

நீ அதை இங்கிலீஷில் எழுதிப் போட்டாய், பழவேற்காட்டு மீனவர்கள் சொல்வதாக. சாயங்காலத்துக்குள் பேர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் மாமாவுக்குக் கேள்வி வந்தது. ஆள் எந்தப் பக்கம் போயிருப்பான் என்று கேட்டார்கள். மாமா கடைசிக் காட்சியைப் பதினோரு தடவை ஓட்டச் சொன்னார்.

"பாசி எந்தப் பக்கம் சாயுது பாரு. தெக்கேர்ந்து வடக்க இழுக்குற நீரோட்டம், தெண்டின்னு சொல்லுவோம். ஆளு வடக்கதான் ஒதுங்கியிருப்பான். வடக்க இன்னா இருக்குது?"

"ஒரு குட்டித் தீவு. அங்க போவ முடியாது மாமா."

"புதுப் பங்குல போவ வுடுவான், எழுதி வச்சிக்கோ."

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் நீரோட்டம் பார்த்துத்தான் பாசியை வரைந்தார்களா என்று நான் கேட்டேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த மூன்று நாளும் கரையிலே அவர்தான் நிபுணர். நான் சும்மா மச்சான்.

நான்காம் நாள் காலை டி.எல்.சி. வந்தது. வலைக்கூடமே போனைச் சுற்றிக் குனிந்தது. படகுக்கு மூன்று புது நிறம். படகில் ஏற்றிக்கொள்ள ஒரு நாய். படகோட்டிக்கு ஓலைத் தொப்பி ஒன்று. நீ கடைசிக் காட்சி வரை ஓட்டிப் பார்த்தாய். வெறும் படகு அப்படியே ஆடிக்கொண்டு வந்தது. இப்போது பச்சை நிறத்தில் வந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் சின்னவள். அவள் உதடு கோணத் தொடங்கியது.

மாமா தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். செத்தவனுக்கு எவனாவது தொப்பி குடுப்பானா?"

சின்னவள் யோசித்தாள். அவ்வளவு நேரம் யோசித்து நான் அவளைப் பார்த்ததில்லை.

"குடுக்க மாட்டாங்க."

"அப்ப? வடக்க எங்கியோ வெயில்ல குந்திகினு இருக்கான். அதான் தொப்பி."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சரி, நீ நாளைக்குப் போ நைனா. ஆனா சொன்ன நேரத்துக்கு வந்துடணும்."

"வந்துடறேன்."

"உனுக்குத் தொப்பி இருக்குதா?"

"இருக்கும்மா," என்றேன். இல்லை.

நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனீர்கள். மாமா டீ குடிக்கப் போனார், பின்னாலேயே கூட்டமும் போனது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து லைஃப் ஜாக்கெட்டை உருவினேன். மடிப்பெல்லாம் காய்ந்த செதில். குழாயடியில் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, படகு விளிம்பில் காயப்போட்டேன். காய்ந்ததும் மாட்டிப் பார்த்தேன். வார் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. இரண்டு விரற்கடை தளர்த்தி, இடப்பக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.