ஓடைப்பட்டிக்குக் கொண்டுபோன கண் மருந்து

சென்ற தை மாதம் மதுரையிலிருந்து ஓடைப்பட்டிக்குப் போய் வந்தேன். திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கும் இந்த விவரங்கள் பயன்படலாம். நான் போனது என் தங்கை முத்துலட்சுமிக்காக. அவளுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். தினமும் சொட்டு மருந்து விடவேண்டும். விடாமல் போனால் குறையும் பார்வை திரும்ப வராது. ஊரில் ஒரு தியானக் கூடத்தில் சேர்ந்தபின் மருந்தை நிறுத்திவிட்டாள் என்று அவள் மகன் ஃபோனில் சொன்னான். எனக்கு வாக்குவாதம் வராது. போய் என்ன செய்யப் போகிறேன் என்றே தெரியாமல், மருந்தைச் சூடு படாமல் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்கு பஸ். தேனிக்கு இரண்டு மணி நேரம். அங்கே கம்பம் பஸ் மாறி, இடப்பக்கம் உட்கார்ந்தால் சின்னமனூர் வரை மலை கூடவே வரும். சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டிக்கு ஆட்டோவில் முந்நூறு ரூபாய். டவுன் பஸ்ஸும் உண்டு. அவசரமில்லாதவர்களுக்கு அதுவே போதும்.

கூடத்தைப் பற்றி ஆட்டோக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எங்க மதினியும் அங்கன போறாகய்யா. முன்னெல்லாம் என்னைய வையாம சோறு போட மாட்டாக. இப்ப வையறதே இல்ல. அதான் பயமா இருக்கு" என்றார்.

வீட்டில் தங்கையுடன் கமலம் என்ற உயரமான பெண் இருந்தாள். உறவினர் வந்தால் கூடத்திலிருந்து ஒருவர் உடன் இருக்கவேண்டுமாம். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தங்கை முதலில் கமலத்தின் முகத்தைப் பார்த்தாள்; பிறகுதான் "நல்லா இருக்குண்ணே" என்றாள். கமலம் கெட்டவள் இல்லை. எனக்கு மோர் கொடுத்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

பிறகு தோட்டத்துக்குப் போனோம். திராட்சைப் பந்தல் தாழ்வானது. கமலம் இரண்டு வரிசை குனிந்து வந்து பார்த்துவிட்டு, "முதுகு விட்டுப் போகுதுக்கா, நான் வரப்புல நிக்கேன்" என்று திரும்பிவிட்டாள். எங்கள் குடும்பமே குள்ளம். நானும் தங்கையும் நடந்துகொண்டே இருந்தோம்.

"மருந்த ஏம்மா விட்ட?"

"சந்தேகப்படுறவுகளுக்குத்தான் கண்ணு போகும்னு கூடத்து அய்யா சொன்னாக. மருந்து போட்டா அதுவே சந்தேகமாம். இப்ப ஓரத்துல ஒண்ணுமே தெரியலண்ணே. உள்ளுக்குள்ள சந்தேகப்பட்டுட்டேன் போல. என் தப்புதான்."

கண் போனாலும் குற்றம் அவளுடையதாகவே இருக்கும். அந்த அய்யாமீது ஒருநாளும் வராது. இந்த ஏற்பாடு எனக்கு அப்போதுதான் புரிந்தது. உள்ளதைச் சொன்னேன்.

"பூட்டின கதவ மூணு தடவ இழுத்துப் பாக்குறவன் நான். சந்தேகத்துக்குக் கண்ணு போகும்னா எனக்கு எப்பவோ போயிருக்கணுமேம்மா?"

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். "தாலியக் கட்டிட்டு, முடிச்சு விழுந்துச்சான்னு ஐயர்கிட்டக் கேட்ட ஆளுதானே நீ!"

சிரிப்பு அடங்கியதும் அவளாகவே முகத்தை அண்ணாந்து காட்டினாள். பையிலிருந்து மருந்தை எடுத்தேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அடுத்தது கண்ணில் விழுந்தது.

இப்படி ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள் கூடத்தைத் திட்டாதீர்கள். திட்டினால் அவர்கள் அதன் பக்கம்தான் நிற்பார்கள். சேர்ந்து நடக்க ஓர் இடம் பாருங்கள். டாக்டரைப் பார்ப்பதற்கே இன்னொருவரின் அனுமதி வேண்டும் என்றால், அது பக்தியாக எனக்குப் படவில்லை. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

மறுவாரம் தேனியில் கண் டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தேன். அவள் வருவாள் என்ற நம்பிக்கை இல்லாமல்தான் பஸ் நிலையத்தில் நின்றேன். வந்தாள். பின்னாலேயே கமலமும் இறங்கினாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

தங்கை என் காதருகே வந்தாள். "அவளுக்கும் ஒரு கண்ணு மங்கலாத்தான் தெரியுதாம்ணே. ரெண்டு வருசமா யார்கிட்டயும் சொல்லல."

கமலம் தரையைப் பார்த்தபடி நின்றாள். எட்டு மணிக்கு முன் போனால் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு. இரண்டு டோக்கன் வாங்கினேன்.