மாநிறம் என்று சொன்னோம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் அடியில் மின்னல் அடிக்கும். இடி இருக்காது. கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று வந்து போகும். சற்று விட்டு மறுபடியும் வரும். உள்ளே என் மருமகள் மார்லூஸ் கால் முடியை நீக்கிக்கொண்டிருப்பாள். அவள் இந்த நாட்டுப் பெண், டச்சுக்காரி. உள்ளே போவதற்கு முன் சாப்பாட்டு மேசையிலேயே அறிவித்துவிடுவாள்: "அப்பா, நான் கால் முடி எடுக்கப் போகிறேன். குளியலறை வேண்டுமென்றால் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்." நம் பக்கத்தில் எந்த மருமகளும் மாமனாரிடம் இப்படிச் சொல்லமாட்டாள். வந்த புதிதில் நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். இப்போது கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். கூச்சம் எப்போதோ போய்விட்டது. அந்த வெளிச்சத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஏன் என்பதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது இந்தக் கருவியைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறவர்கள் நம்மில் பலர். அவர்கள் படிக்க வேண்டும். ஊரில் அதை எதிர்பார்த்திருக்கும் பெண்களும் படிக்க வேண்டும்.

எல்லோரும் இதை லேசர் என்கிறார்கள். கடைகளில் விற்பது பெரும்பாலும் லேசர் இல்லை, கண் கூசும் பளிச்சொளி. உள்ளங்கையில் அடங்கும் கருவி. அதன் முனையில் ஒரு சிறு செவ்வகக் கண்ணாடி. தோலில் வைத்து அழுத்தினால் ஒளி பாயும். அந்த ஒளி கறுப்பைத் தேடிப் போகும். வெளிறிய தோலில் கறுப்பாக இருப்பது முடி மட்டும்தான். அதன் வேர் சூடாகி வாடிவிடும். தோலே கறுப்பாக இருந்தால் ஒளிக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. அதற்காகவே பெட்டியின்மேல் ஆறு கட்டங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். பால் நிறத்தில் தொடங்கி நாவற்பழ நிறத்தில் முடியும். கடைசிக் கட்டங்களின்மேல் பெருக்கல் குறி. இதையெல்லாம் புரிந்துகொள்ள முடியாதவன் அல்ல நான். ரோட்டர்டாமில் வாய்க்கால்களின் நீர்மட்டம் அளக்கும் கருவிகளோடு வேலை பார்த்தே ஓய்வுபெற்றவன். சென்சார் எதை எப்படிப் பார்க்கும் என்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

என் தங்கை தேவகி நன்னிலம் பக்கத்தில் இருக்கிறாள். அவளுடைய மகள் அமுதா ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்லூரி நாட்களிலேயே அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வந்து, மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளரத் தொடங்கிவிட்டது. ஊரில் யாருக்கும் தெரியக்கூடாதென்று திருவாரூர் வரை பஸ் ஏறிப் போய் பார்லரில் த்ரெட்டிங் செய்துகொள்வாள். போன வருடம் ஒருநாள் அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளும்மா."

"பசங்க எனக்குப் பேரு வச்சிருக்குதுங்க. மீசை மிஸ்ஸாம். நானே கேட்டேன், 'எவன்டா அது, இங்க வா, யாரு மீசை பெருசுன்னு பாத்துடுவோம்'னு. கிளாஸே சிரிச்சிச்சு. நானும் சிரிச்சேன்." சொல்லிவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "ஆவணியில நிச்சயம் பண்ணலாங்கிறாங்க. அதுக்குள்ள இத ஒழிச்சிடணும் மாமா. அங்க லேசர் மிஷின் வீட்டுலயே வச்சுப் பண்றாங்களாமே."

தாய்மாமன் நான். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இது. அன்று மாலையே கடைக்குப் போனேன்.

விற்பனைப் பெண் யாருக்கு என்று கேட்டாள். தங்கை மகளுக்கு என்றேன். அவளுடைய தோல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். என்னைப் போலத்தான் என்றேன். அவள் சற்றும் தயங்காமல் என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, பெட்டியிலிருந்த கட்டங்களை அதன் அருகே நகர்த்தினாள். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. "நீட் கஸ்கிக்ட், மெனேர்," என்றாள். பொருந்தாது ஐயா, இது உங்களுக்கில்லை. அருகில் நின்றிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

என் அப்பா பண்ணையில் கூலிக்கு நின்றவர். பள்ளியிலும் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் 'இது உனக்கில்லை' என்பதை விதவிதமான குரல்களில் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பெண்ணின் குரலிலும் எனக்கு அதுவே கேட்டது. அவள் என் தங்கை மகளின் முகத்தைக் காப்பாற்றப் பார்த்தாள் என்பது அப்போது உறைக்கவில்லை. "அவள் என்னைவிட நல்ல நிறம்," என்று சொன்னேன். பொய். கருவியை வாங்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

ஆடி மாதம் ஊருக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேவகி வாசல் கதவைத் தாழிட்டாள். மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். நான் பெட்டியைக் காட்டி, இதில் அமுதா எந்தக் கட்டம் என்று கேட்டேன். தேவகி நடுவில் இருந்த ஒரு கோதுமை நிறக் கட்டத்தைத் தொட்டாள்.

"நம்ம அமுதா மாநிறம்தானேண்ணே."

வெளிநாட்டில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்காக இதை விளக்கவேண்டியிருக்கிறது. மாநிறம் என்றால் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுப்பட்ட நிறம். ஆனால் பெண் பார்க்கும் பேச்சில் அது அடர்ந்த கறுப்பையும் குறிக்கும். தரகரிடம் அப்படித்தான் சொல்வோம், அவர் அப்படித்தான் மாப்பிள்ளை வீட்டில் சொல்வார், அவர்களும் அதைப் புரிந்துகொள்வார்கள். கறுப்பு என்று ஒரு தாயின் எதிரில் அவள் மகளைச் சொல்வது அவளை அடிப்பதற்குச் சமம். அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மூவருக்கும் அமுதா எந்தக் கட்டம் என்று தெரியும். யாருடைய விரலும் அங்கே போகவில்லை. அமுதா என் முகத்தைப் பார்த்தாள். "ஆமா, மாநிறம்தான்," என்றேன் நான்.

கருவியைத் தாடையில் வைத்து அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, ஒளி வரவில்லை. கன்னத்தில் வைத்தாள், கையில் வைத்தாள். சிவப்பு.

"கரண்டு பத்தலையோ," என்றாள் தேவகி. "மோட்டார் போட்டிருப்பானுங்க."

தேவகியின் வெளிறிய உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்து, பளிச்சென்றது. தேவகி கையை உதறிக்கொண்டு சிரித்தாள். அமுதா சிரிக்கவில்லை. "என்னையத்தான் வேணாங்குது," என்றாள்.

நான் அப்போது கருவியை மூடிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. நாங்கள் மூவரும் சொல்லத் துணியாததைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தனை தூரம் சுமந்து வந்த மாமன் வெறுங்கையோடு நிற்பதையும் என்னால் தாங்க முடியவில்லை; இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தோலிலிருந்து திரும்பும் வெளிச்சத்தை வைத்தே கருவியின் சென்சார் நிறத்தை முடிவு செய்கிறது என்பது எனக்குத் தெரியும். "கொஞ்சம் பவுடர் போட்டுப் பாரும்மா," என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துத் தாடையில் வெள்ளையாகத் தட்டிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது. பளிச்.

"சுருக்குங்குது மாமா."

"அப்படித்தான் இருக்கும். வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

தாடையின் ஒரு பக்கம் முடித்து, மறுபக்கமும் மேலுதட்டும் முடித்தாள். மாலைக்குள் செவ்வகம் செவ்வகமாகச் சிவந்து, மறுநாள் கொப்புளமாயிற்று. கொப்புளம் வற்றியபோது அந்த இடங்கள் தோலைவிடக் கறுத்து, ஒட்டுப்போட்ட மாதிரி நின்றன.

தஞ்சாவூரில் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வயதான அம்மா. விளக்கைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் புண்ணியவான் இத வாங்கிக் குடுத்தாரு?"

"நானே ஆன்லைன்ல வாங்கினேன் டாக்டர்," என்றாள் அமுதா.

"டீச்சர்ங்கிற. அட்டையில போட்டிருக்கிறதப் படிக்க மாட்டியா? இந்த நிறத்துக்கு ஆஸ்பத்திரியில நாங்களே வேற லேசர் வச்சு, பாத்துப் பாத்துத்தான் குடுப்போம். மொதல்ல நீர்க்கட்டிக்கு மருந்து சாப்பிடணும். அது இல்லாம முடிய மட்டும் சுட்டா மறுபடி வராதா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு, அப்பாவா?"

"மாமா."

"பெரியவரு நீங்களாவது சொல்லக் கூடாதா சார்?"

நான் தலையாட்டினேன். ஆமாம், சொல்லியிருக்க வேண்டும் என்பதுபோல. அருகில் அந்தப் பெண் எனக்காகப் பொய் சொல்லி, எனக்காகத் திட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அங்கே வாய் திறக்கவில்லை. பவுடர் போடச் சொன்னதை ஆசையின் அவசரம் என்று யாராவது மன்னிக்கலாம். இதற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

திரும்பும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் கார் நின்றது. கடலை விற்கிறவர் ஜன்னலருகே குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "கண்ணாடிய ஏத்துங்க மாமா," என்றாள்.

வீட்டில் தேவகி அதற்குள் கதை தயாரித்துவிட்டாள். வடை சுடும்போது எண்ணெய் தெறித்துவிட்டதாம். எதிர்வீட்டுப் பெண் வந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டு எண்ணெயெல்லாம் சொட்டுச் சொட்டாத்தான் தெறிக்கும். ஒங்க வீட்டு எண்ணெய் ஸ்கேல் வச்சு அளந்து தெறிச்சிருக்கேடி," என்றாள். என் பெயர் கெடாமலிருக்கச் சொன்ன பொய் அது. அமுதாவின் முடியை மறைக்கவும் சொன்ன பொய். நான் உண்மையைச் சொன்னால் முடி விஷயமும் வெளியே வரும். அந்தச் சாக்கில் விமானம் ஏறிவிட்டேன். நிச்சயதார்த்தம் ஆவணியில் நடக்கவில்லை. முகம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டார்கள்.

இங்கே பனிக்காலம் முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வெளிச்சம். மார்லூஸிடம் நடந்ததைச் சொன்னேன். "அவளுடைய நிறம் பொருந்தாது என்று கடையில் சொல்லவில்லையா?" என்று கேட்டாள். சொன்னார்கள் என்றேன். "பிறகு ஏன்?" என்றாள். அவளுக்கு அது உண்மையாகவே புரியவில்லை. கண் நீலம் என்பதைப்போல, உயரம் இவ்வளவு என்பதைப்போல நிறத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் ஊர் இது. இந்த ஊருக்கும் வேறு விதத்தில் நிறம் பார்க்கத் தெரியும். அதையும் நான் அனுபவித்திருக்கிறேன். ஆனால் அன்பினால் ஒருவர் நிறத்தை மாற்றிச் சொல்லலாம் என்பதை அவளுக்கு விளக்க என் டச்சு போதவில்லை. தமிழிலும் போதியிருக்காது.

மாசி மாதம் அமுதா கூப்பிட்டாள். "அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் மாமா." அவர் என்றால் மாப்பிள்ளை, வேதாரண்யத்தில் வேலை பார்ப்பவர்.

"என்னம்மா சொன்னாரு?"

"ஷேவ் பண்ணுவீங்களான்னாரு. இப்ப அதான் பண்றேன்னேன். 'நானுந்தான் தெனம் பண்றேன், பெரிய தொல்லைங்க'ன்னாரு." குரலில் சிரிப்பு வந்து நின்றுபோனது. "அவங்க அம்மாகிட்டப் பேசணுமாம். என்ன ஆகுமோ தெரியல." பிறகு, நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தது வந்தது. "டாக்டர் திட்டுறப்ப நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. நான்தாம்மா குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன் மாமா."

இதை எழுதட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"எழுதுங்க. ஊரு, பேரு எல்லாத்தையும் மாத்திடுங்க. நெறத்த மட்டும் மாத்திடாதீங்க. மாநிறம்னு போட்டீங்கன்னா நான் படிக்க மாட்டேன்."

ஆகவே ஊரையும் பேரையும் மாற்றி எழுதுகிறேன். என் தங்கை மகள் கறுப்பு. கடைசிக் கட்டம். நானும் அதே கட்டம்.

போன வாரம் இங்கே முதல் வெயில் அடித்தது. தெருவில் எல்லோரும் நாற்காலிகளை வெளியே இழுத்துப் போட்டு, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோல் கறுக்க வேண்டும் என்பதற்காக. நானும் கீழே இறங்கி நின்றேன். தேவகி வீடியோவில் வந்தாள்.

"அண்ணே, மாப்பிள்ளையோட அம்மா வெள்ளிக்கிழமை வர்றாங்களாம். மூஞ்சிய நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம். தடவி மறைக்கிற கிரீம் அங்க நல்லதாக் கெடைக்குமாமே. யாராவது வந்தாக் குடுத்தனுப்புங்க. மாநிறத்துக்குத் தோதா."

அவளுக்குப் பின்னால் அமுதா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனா நின்றது, நிமிரவில்லை.

"அவ மாநிறம் இல்ல தேவகி. கறுப்பு. எதையும் தடவாத. எண்ணெய் தெறிச்சதுன்னும் சொல்லாத. மாமன்காரன் ஒரு மிஷினக் கொண்டாந்து பிள்ள மூஞ்சியச் சுட்டுட்டான்னு சொல்லு. இல்ல, அந்தம்மா நம்பரக் குடு, நானே சொல்றேன்."

தேவகி திரைக்கு அருகே குனிந்து, "நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? மூஞ்சியெல்லாம் கறுத்துக் கெடக்கு. நெழலுக்குப் போங்கண்ணே," என்றாள்.

என் கால் தானாகவே ஓரடி பின்னால் போயிற்று. பக்கத்து வீட்டு ஹென்க் கண்ணைத் திறந்து, தன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "கோம், லெக்கர் வேர்," என்று கையசைத்தார். வாருங்கள், அருமையான வெயில். ஒரு கால் வெயிலிலும் ஒரு கால் சுவரின் நிழலிலுமாக நின்றபடி, "நம்பரச் சொல்லு தேவகி," என்று மறுபடியும் கேட்டேன்.