திண்டிவனம் கிளையிலிருந்து வந்த போன்

விழுப்புரத்தில் ஒரு விதை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினிகளையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மாடியில், எந்நேரமும் ஏசி ஓடும் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அம்மா இறந்த பிறகு வீட்டிலும் யாரும் இல்லை. பல நாட்களில் நான் வாய் திறந்து சொல்லும் முதல் வார்த்தையே, திண்டிவனம் கிளையிலிருந்து வரும் போனுக்குச் சொல்கிற 'ஹலோ'தான்.

பேசுபவர் அந்தக் கிளையின் கணக்கர். கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிற, ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நேரில் பார்த்ததில்லை.

"சார், இன்னிக்கும் சுத்திக்கினே இருக்குது சார். ஒரு பில்லு ஓப்பன் ஆவறதுக்குள்ள நான் டிபனே முடிச்சிட்டேன்."

"என்ன டிபன் மேடம்?"

"கேப்பை அடை. நீங்க சாப்ட்டீங்களா?"

என்னிடம் அதைக் கேட்பவர் அவர் ஒருவர்தான். நான் இங்கிருந்தே லைனைச் சோதிப்பேன். அது முடியும்வரை அவர் பஸ்ஸில் இடம் கிடைக்காததையும், வீட்டுக்காரரின் முழங்கால் வலியையும் சொல்லுவார். லைனில் ஒரு குறையும் இருக்காது. மறுநாள் மறுபடி போன் வரும்.

புகார் மேலாளர்வரை போனது. எங்களுக்குக் கணினிச் சாமான்கள் விற்கிறவர், "ரவுட்டரு சின்னது சார், பெருசு போட்டா சரியாயிடும்" என்று அடித்துச் சொன்னார். மேலாளர் என்னை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

திண்டிவனத்தில் இறங்கி அலுவலகத்துக்குள் நுழைந்ததும், கவுண்டருக்குப் பின்னாலிருந்து கணக்கர் எழுந்தார். "நீங்கதானா சார் அது? கொரல வெச்சு நல்லா குண்டா இருப்பீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று சிரித்தார்.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஆள் கூடக் கூட, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் என்ற சின்னப் பெட்டிகளில், ஒரு பழையதிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று வயரை இழுத்துக்கொண்டே போயிருந்தார்கள். விவசாயிகளின் ரசீதுகளை நாள் முழுக்க ஸ்கேன் செய்து, அதே அறையின் மூலையிலிருந்த கணினியில் சேமிக்கிறார்கள். பில்களும் அதில்தான் இருந்தன.

"அப்ப பெரிய ரவுட்டரு வாங்கணுமா சார்?" என்று கேட்டார்.

"வேணாம் மேடம். விழுப்புரத்துக்கோ வெளியவோ போறதுதான் ரவுட்டர் வழியா போவுது. உங்க ஆபீசுக்குள்ளயே ஒரு கம்ப்யூட்டர்லருந்து இன்னொண்ணுக்குப் போறதெல்லாம் இந்த சுவிட்ச்தான் பாத்துக்குது. அடைச்சிக்கினு நிக்கிறது இங்கதான்."

பழையவற்றைக் கழற்றிவிட்டு, எல்லாருக்கும் இடமுள்ள வேகமான ஒரே சுவிட்சைப் போட எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அது வந்ததும் நானே போய் மாட்டினேன். அவர் ஒரு பில்லைத் தட்டினார், உடனே திறந்தது. "பேஜாரு வுட்டுது சார்" என்றார். ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் மயிலம் தாண்டும்வரை அந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டே வந்தேன். மனசு நிறைவாக இருந்தது.

மறுநாள் காலை போன் வரவில்லை. சைலண்டில் இருக்கிறதோ என்று எடுத்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க வரவில்லை. வேலை ஒழுங்காக முடிந்தது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் காலை நேரம் நகரவே மாட்டேன் என்றது.

கடைசியில் நானே கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சார், லைன்ல ஏதாவதா?" பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"இல்ல மேடம், சும்மாதான்... நல்லா ஓடுதான்னு கேக்கலாம்னு."

"ஜம்முனு ஓடுது சார். விதை வாங்க ஆளுங்க நிக்கிறாங்க, அப்புறமா பேசட்டுங்களா?"

"பாருங்க மேடம், பாருங்க."

அவர் மறுபடி கூப்பிடவில்லை. அதில் வருத்தப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவருக்கு என்னிடம் இருந்தது ஒரு புகார். அது தீர்ந்துவிட்டது.

சில நாள் கழித்து, மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனேன். விதை மூட்டைகளை லாரிக்கு அனுப்பும் பிரிவினர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் தயங்கி நின்றேன். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் போய் உட்கார்ந்தேன்.