காலண்டர் தாளும் நான்கு திருகாணிகளும்

என் அறையின் கூரை காலை ஆறு மணிக்கெல்லாம் ஜெர்மன் பேசத் தொடங்கிவிடும். மேல்மாடியில் ஹெல்கா என்ற வயதான அம்மாள் தனியாக இருக்கிறார். கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது. சமையலறையில் அவர் வைத்திருக்கும் ரேடியோவின் சத்தம்தான் அது. முதலில் செய்தி, பிறகு வானிலை, பிறகு பியானோ. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் இந்தச் சிறிய ஊருக்குத் தோசை மாஸ்டராக வந்த முதல் குளிர்காலத்தில், விடுமுறை நாட்களில் என் அறைக்குள் வந்த ஒரே மனிதக் குரல் அதுதான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை அது நின்றுபோனது. யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பழக்கமில்லாதவன் நான். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் மேலே போய் அவர் கதவைத் தட்டினேன்.

"ரேடியோ?" என்று உள்ளே கையைக் காட்டினேன். அவருக்குக் கை தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "கப்புட்" என்றார். கெட்டுப்போய்விட்டது என்று பொருள். என்னிடம் இருந்த ஜெர்மனை எல்லாம் திரட்டி, "நான் பார்க்க" என்றேன். அவர் ரேடியோவைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, நீளமாக ஏதோ சொன்னார். அதில் ஸோன்டாக், அதாவது ஞாயிறு, என்ற சொல் மட்டும் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கைக்குள் இரண்டு நாள்தான் இருந்தது.

திருச்சியில் என்றால் இது ஒரு மணி நேர வேலை. பத்தாவதோடு படிப்பு நின்று, ஸ்ரீரங்கத்தில் ஓட்டல் அடுப்படியில் சேர்ந்த காலத்திலேயே கெட்ட ரேடியோக்களைப் பிரித்துப் பார்க்கும் கிறுக்கு எனக்கு உண்டு. ஓய்வு நாளில் பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போய், சலீம் பாயின் உதிரிபாகக் கடையில் நிற்பேன். வாயைத் திறக்க வேண்டியதில்லை. கெட்டுப்போன சர்க்யூட் போர்டை மேசைமேல் வைத்தால், பாய் அதைப் புரட்டிப் பார்த்து, வேண்டியதை எடுத்து வைப்பார். பற்றவைக்கும் சால்டர் கம்பியைப் பூவைப் போல முழம் போட்டு வெட்டி, விரலில் சுற்றித் தருவார். அவர் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். கழற்றிய திருகாணிகளைக் காலண்டர் தாளில் மடித்து, போர்டோடு நூலால் கட்டிக் கொண்டுவர வேண்டும். என் மனைவி வருடம்தோறும் யார் மூலமாவது ஸ்ரீரங்கத்துத் தினசரிக் காலண்டர் கொடுத்தனுப்புகிறாள். கிழித்த தாள்களை நான் இங்கேயும் எறிவதில்லை.

ரேடியோவைத் திறந்தேன். ஒரு கபாசிட்டர் உப்பியிருந்தது. பற்றை உருக்கி அதைக் கழற்ற என்னிடம் சால்டரிங் அயன் இல்லை. ஆகவே போர்டையே எடுத்து, நான்கு திருகாணிகளைத் தாளில் கட்டி, டவுனில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். பழக்கதோஷம், போர்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றேன். அங்கிருந்த பெண் புன்னகை செய்தாள். போர்டை எடுத்தாள். பக்கத்தில் பூட்டியிருந்த பச்சைப் பெட்டியின் வாய்க்குள் போட்டாள். பழைய மின்சாதனக் குப்பைகளைச் சேகரிக்கும் பெட்டி அது. குப்பையை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்த நல்ல மனிதன் என்று என்னை நினைத்திருக்கிறாள். நான் "டாங்கெ" என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது புரிந்தது. பாய்க்குப் போன் செய்தேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

"பொட்டியில போட்டுட்டாளா? நீ என்னா சொன்னே?"

"தேங்க்ஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன் பாய்."

கடையில் யாரிடமோ அவர் சிரித்துக்கொண்டே சொல்வது கேட்டது. "நம்ம சேகரு ஜெர்மனியில போர்டைத் தானம் பண்ணிட்டு நிக்கிறான்."

"சிரிக்காதீங்க பாய். கண்ணு தெரியாத அம்மாவோட ரேடியோ. புதுசு வாங்கித் தரலாம், ஆனா இதுல பட்டனெல்லாம் அவங்களுக்குக் கைப்பழக்கம்."

"அப்ப ரோட்டுல என்னாத்துக்கு நிக்கிறே? இருபது வருஷம் ஊமை மாதிரி வந்து நின்னே, நானும் மூஞ்சியப் பாத்துக் குடுத்தேன். அந்தப் பொண்ணுக்கு உன் மூஞ்சி தெரியுமா? ஸ்க்ரூவ மடிச்சுக் கட்டியிருக்கியா?"

"கட்டியிருக்கேன்."

"அதச் சொல்லிக் கேளு. இன்னொண்ணு, மலிவா இருக்குன்னு பைப்பு பத்தவைக்கிறவன் பூசுற பேஸ்ட்டை வாங்கித் தொலைக்காத. போர்டைத் தின்னுடும். அயன்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத. போ, போ."

திரும்பிப் போனேன். பெட்டியைக் காட்டி, "மைன், பிட்டெ" என்றேன். என்னுடையது, தயவுசெய்து. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. சாவி கொண்டுவந்து திறந்தாள். உள்ளே சார்ஜர்களும் ஒயர்களும் பல போர்டுகளும் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். ஐந்தாவதில் நூல் தொங்கியது. என்னுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல், தாளில் இருந்ததைத் தமிழில் உரக்கப் படித்தேன். "வியாழக்கிழமை. ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று வரை." அவள் அதை மரியாதையோடு கேட்டுவிட்டு, போர்டை இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தாள்.

அதன்பிறகு என் கூச்சம் பாதி கழன்றுவிட்டது. உப்பிய கபாசிட்டரைத் தொட்டுக் காட்டினேன், அதே எண் உள்ளதை எடுத்து வந்தாள். இருப்பதிலேயே மலிவான அயனை நான் எடுத்தபோது தலையாட்டி மறுத்தாள். இங்கே கிடைக்கும் கம்பி ஈயம் கலக்காதது, உருக அதிகச் சூடு கேட்கும், அந்த அயனால் முடியாது என்று கையாலேயே விளக்கினாள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அயன் ஒன்று, யாரோ திருப்பிக் கொடுத்து அட்டைப்பெட்டி கிழிந்ததால், பாதி விலைக்கு இருந்தது. அதை வாங்கினேன். கம்பியில் பெரிய உருளையை விட்டுவிட்டு, சின்னக் குழாயில் வரும் மெல்லியதை எடுத்தேன். நடுவிலேயே ரோசின் என்ற பிசின் இருப்பதால் தனியாகப் பேஸ்ட் வேண்டாம். ஸ்டாண்டு, பஞ்சு எல்லாம் சேர்ந்த பெட்டியையும் காட்டினாள். அயனை வைக்க வளைத்த கம்பியும், நுனி துடைக்க ஈரத்துணியும், மேசை பொசுங்காமல் இருக்க ஓட்டலில் உடைந்த ஒரு டைலும் போதும் என்று விட்டுவிட்டேன்.

வேலை முடிந்ததும் இன்னொரு பயம். பற்றவைத்த இடம் மங்கலாக இருந்தது. பாலக்கரையில் சால்டர் வெள்ளிபோல மின்னாவிட்டால் பாய் போர்டைத் திருப்பித் தள்ளிவிடுவார். மூன்று தடவை உருக்கிப் பார்த்தேன். மங்கலாகவே ஆறியது. ஈயமில்லாத கம்பி அப்படித்தான் இருக்கும், நன்றாகப் பிடித்திருந்தால் போதும் என்பது, சுவிட்சைப் போட்டு ஒருவர் வானிலை சொல்லத் தொடங்கியபோதுதான் விளங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹெல்கா பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மறுநாள் மதியம் என் கதவு தட்டப்பட்டது. படிகளைத் தடவித் தடவி இறங்கி வந்திருந்தார். கையில் தட்டு மூடிய கேக். அதை நீட்டி, மறுபடியும் "ஸோன்டாக்" என்று சொல்லிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை கேக் சாப்பிட வா என்றுதான் அன்று சொல்லியிருக்கிறார். நான் போகாததால் கேக் என்னைத் தேடி வந்துவிட்டது.

இப்போது கூரை மறுபடியும் ஆறு மணிக்குப் பேசுகிறது. எனக்கு இன்னும் ஒரு சொல்லும் புரியவில்லை. திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த ரேடியோவின் பேட்டரி மூடி கொஞ்சம் ஆடியது. ஊரில் செய்வதுபோல, திருகாணி கட்டியிருந்த அதே காலண்டர் தாளை மடித்து இடுக்கில் செருகினேன், ஆடவில்லை. மேலே வானிலை சொல்கிறவருக்குத் தெரியாது, அவர் குரலுக்குப் பின்னால் ஸ்ரீரங்கத்து வியாழக்கிழமை ஒன்று நாலாக மடிந்து கிடப்பது.