பொந்தில்லாத பொல்லு

கொழும்பில் எங்கள் பெண்கள் பொல்லு, அதாவது ஊன்றுகோல், பிடிப்பதில்லை. ஆண்களின் நீளக் குடையைப் பிடிப்பார்கள். வெள்ளவத்தையில் வெயிலும் இல்லாத மழையும் இல்லாத ஒரு மாலையில், சுருட்டிய கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு ஓர் அம்மா வந்தால், அவருக்கு முழங்காலோ இடுப்போ சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். "என்ன, மழை வருமெண்டு பயமோ?" என்பதோடு விட்டுவிடுவார்கள். நானும் கொஞ்சக் காலம் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தேன்.

எனக்கு வலி குதிக்காலில். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணியில் மிதித்தது போல இருக்கும். கொஞ்சம் நடந்தால் தணியும், கனநேரம் நின்றால் திரும்பவும் பிடிக்கும். கணக்கு ரீச்சருக்கு நிற்பதைத் தவிர வேறென்ன வேலை? எலும்பு வைத்தியர் காலை அமத்திப் பார்த்துவிட்டு, "பொல்லு ஒண்டு பிடியுங்கோ" என்றார். எனக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. "குளிசையை எழுதித் தாங்கோ, பொல்லைப் பற்றி நான் யோசிக்கிறன்" என்று எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்குப் பின்னால் கிடந்த நீளக் குடையைத் தூசி தட்டி எடுத்தேன்.

குடையின் வண்டவாளம் ஐப்பசி மழையில் தெரிந்தது. வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி பஸ்ஸில் போய்க் கொட்டாஞ்சேனையில் இறங்கினால், பாடசாலைக்கு ஒரு நீண்ட தெரு நடக்க வேண்டும். இறங்கியதும் மழை கொட்டியது. எல்லோரும் குடையை விரித்தார்கள். நான் விரித்தால் ஊன்ற ஒன்றுமில்லை. ஊன்றினால் தலைக்கு ஒன்றுமில்லை. சுருட்டிய குடையை ஊன்றிக்கொண்டு தெரு முழுக்க நனைந்தபடி நடந்தேன். தேநீர்க்கடையில் ஒதுங்கி நின்ற ஒருவர் மனம் பொறுக்காமல் ஓடி வந்தார்.

"ரீச்சர், குடை விரியேல்லையோ? தாங்கோ, நான் விரிச்சுத் தாறன்."

"விரியும். எனக்கு விருப்பமில்லை" என்றேன்.

அன்று சேலை சொட்டச் சொட்ட நின்று இருபடிச் சமன்பாடு படிப்பித்தேன். பிள்ளைகளில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

காய்ச்சலில் படுத்தேன். என் கணவர் கந்தோர் எழுத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். நகரத்தில் எங்கே குண்டு வெடித்தாலும், நான் திரும்பி வரும்வரை எங்கள் ஒழுங்கை தெருவில் முட்டும் முகப்பில் போய் நிற்கிற மனிதர். கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இஞ்சரும், போதும். பென்சனுக்கு எழுதிக் குடும்" என்றார்.

"எழுதமாட்டன்."

"நாளைக்கு ஒண்டு வெடிச்சால் எல்லாரும் ஓடுவினம். உம்மால ஓட ஏலுமோ?"

ஓட முடியாதுதான். ஆனால் வேலையை விட்டால் நான் என்னவாக இருப்பேன் என்று நினைத்தபோது, காய்ச்சலை மீறி உடம்பு குளிர்ந்தது. கணக்கென்றால் அழுகிற பிள்ளையைக் கணக்கில் சிரிக்க வைப்பதைத் தவிர எனக்கு வேறு பெருமை இருந்ததில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஏதாவது ஒரு நாள் நான் தனியாகப் போய்த் தனியாக வர முடியாமற் போனால், அன்றிரவே பென்சனுக்கு எழுதிவிடுவேன். சொன்ன சொல் மாறமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் ஒத்துக்கொண்டார்.

கனடாவிலிருந்த என் தம்பிக்கு விஷயம் போய், தெரிந்தவர் ஒருவர் கையில் ஓர் அலுமினியப் பொல்லு வந்து சேர்ந்தது. பளபளவென்று, இறகுபோல் லேசாக. பொத்தானை அமத்தினால் நீளும், கட்டையாகும். உயரம் சரிபார்க்க வரிசையாகத் துளைகள். இனிமேல் குடை வேஷம் வேண்டாம், பிடிப்பதென்றால் பொல்லையே பிடிப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அதோடு புறப்பட்டேன்.

வழியில் சோதனைச்சாவடி. யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் பஸ்ஸை மறித்தால் எல்லோரும் இறங்கி, வரிசையில் நின்று அடையாள அட்டை காட்டி, அந்தப் பக்கத்தில் திரும்ப ஏற வேண்டும். இராணுவத்தான் என் அட்டையைப் பார்த்தான், பிறகு பொல்லைப் பார்த்தான். குழாய், துளை, பொத்தான். அடியிலிருந்த ரப்பரைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தான். பொத்தானை அமத்த, அது இரண்டாகக் கழன்றது. தனக்கு மேலே இருந்த பெரியவனைக் கூப்பிட்டான். துளைகள் எதற்கு என்று வந்தவன் சிங்களத்தில் கேட்டான். உயரத்துக்கு என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் சொன்னேன். நான் மண்மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க, என் பஸ் போய்விட்டது. கழற்றியவனுக்கு அதைத் திரும்பப் பூட்டத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எப்படியோ பூட்டி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து, முதலாம் பாடம் முடிகிற நேரத்தில்தான் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் வேறொருவன், அதே கூத்து. ஆனாலும் அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அந்த நாட்களில் அந்த நகரத்தில் உள்ளே பொந்துள்ள எதைக் கண்டாலும் குண்டிருக்குமோ என்று எல்லோருக்கும் பயம்தான், எனக்கும் பயம்தான். என்னுடைய பிழை, லேசானதை நம்பியது.

சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் புறக்கோட்டைக்குப் போனேன். குடைகளும் தகரப் பெட்டிகளும் தொங்கிய ஒரு கடையில், மூலையில் பொல்லுகளும் இருந்தன. கடைக்கார முஸ்லிம் அண்ணன் முதலில் நான்கு கால் உள்ள ஒன்றை எடுத்து வைத்தார். பஸ்ஸுக்குள் அதற்கு இன்னொரு சீட் வேண்டும் என்றேன். பித்தளைக் கிளித்தலை வைத்த ஒன்றைக் காட்டினார். தலை கழன்று கையில் வந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் தட்டிக் கேட்டேன்.

"அக்கா, எல்லாரும் லேசானதத்தான் கேப்பாங்க. நீங்க என்ன பாரமானதாப் பாக்கிறீங்க?"

"பொந்தில்லாதது வேணும். ஒட்டு, பூட்டு, மூடி ஒண்டும் இருக்கக்கூடாது. பாத்த உடன கட்டை எண்டு தெரியவேணும்."

அவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய், கித்துள் பனை மரத்தில் செய்த ஒரு பொல்லைக் கொண்டுவந்தார். கறுப்பும் மண்ணிறமுமாக வரியோடிய ஒரே கட்டை, தடிப்பு, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. தட்டினேன், 'டொக்' என்று அடங்கிய சத்தம். என் மணிக்கட்டு உயரத்துக்கு அறுக்கச் சொல்லி, அறுத்த முகத்தையும் வாங்கிப் பார்த்தேன். நடுவரைக்கும் மரம்தான். கடையிலேயே வலதுகால் வலிக்கு இடக்கையில் பிடித்து நடந்து பார்த்தேன். என் வாழ்நாளில் கூறைச்சேலைகூட அவ்வளவு கவனமாகத் தெரிவு செய்ததில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறிய இராணுவத்தான் எல்லோரையும் இறங்கச் சொன்னான். என் பொல்லைக் கண்டதும், "அம்மா, பஹின்ன எப்பா" என்றான். இறங்க வேண்டாமாம். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தியும் மிக வயதான ஒருவரும் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தார்கள். நானும் இருந்திருக்கலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் இறங்கு என்றால் இறங்கவும் ஏறு என்றால் ஏறவும் முடியவேண்டும் என்றுதானே அதை வாங்கினேன்? பொல்லை முதலில் கீழே வைத்து, மெல்ல இறங்கி, வரிசையில் நின்றேன். முறை வந்ததும் இன்னொருவன் பொல்லை வாங்கி வீதியில் ஒரு தட்டுத் தட்டினான். டொக். திருப்பித் தந்துவிட்டான். கொண்டக்டர் நீட்டிய கையைப் பிடிக்காமல் மிதிபலகையில் ஏறினேன். அன்று மணி அடிக்கும் முன்பே மேல்மாடி வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

பின்னேரம் வெள்ளவத்தையில் இறங்கியபோது என் கணவர் பஸ் தரிப்பில் நின்றார். பக்கத்தில் ஓர் ஓட்டோ.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்றார்.

"ஓட்டோவும் சும்மாதான் வந்ததோ?"

ஏறினால் அன்றிரவே பென்சனுக்கு எழுதவேண்டி வரும். நான் நிற்காமல் நடந்தேன். குதிக்கால் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் காலி நகருக்குப் போகும் வீதியின் நடைபாதையில் பொல்லின் சத்தம் கேட்டு ஆட்கள் வழிவிட்டார்கள், நானும் நடுவாலேயே போனேன். ஓட்டோவை அனுப்பிவிட்டுப் பின்னால் அரைகுறை ஓட்டமாக வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"இஞ்சரும், கொஞ்சம் மெதுவா நடவுமன்."

"ஏலாட்டி என்ரை பொல்லைப் பிடியுங்கோ" என்றேன்.